சுண்ணாம்பு மண்ணில் அக்கா வைத்த புளூபெர்ரி

எங்கள் அக்கா ஆண்டவருக்குள் மரித்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் முகப்பில் ‘இளைப்பாறுகிறார்’ என்று போடலாமா என அச்சகத்தில் கேட்டார்கள். அக்காவின் கணவரான எங்கள் அத்தான் உடனே மறுத்துவிட்டார். “அவ என்னைக்கு இளைப்பாறியிருக்கா? வேற ஏதாவது போடச் சொல்லும்மா” என்றார். வேறு சொல் எதுவும் எனக்கும் அகப்படவில்லை. முகப்பில் பெயரும் படமும் மட்டும் இருப்பது அதனால்தான். படத்திலும் அக்கா எங்கோ கிளம்புகிறவரைப் போலத்தான் நிற்கிறார்.

அக்கா பிறந்தது ஆலங்குளத்தில். அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் வேலை. மஞ்சள் காமாலையில் அவர் இறந்தபோது அக்கா பள்ளி இறுதி வகுப்பில் இருந்தார். நானும் தம்பியும் சிறு பிள்ளைகள். அம்மா வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டி எங்களை வளர்த்தார். அக்காவும் கூட ஒட்டுவார். சம்மணம் போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு காலைக் குத்துக்காலிட்டு, இப்போதே எழுந்து ஓடப்போகிறவர் போல உட்கார்ந்து, எதிரே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒட்டுவார். நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்த அன்று அம்மா அழுதார். அக்கா அழவில்லை. ஒட்டிய பெட்டிகளை அடுக்கி முடித்துவிட்டுத்தான் பெட்டி படுக்கை கட்டினார். என்னை ஆசிரியப் பயிற்சிக்கும் தம்பியைப் பாலிடெக்னிக்குக்கும் அனுப்பிய பிறகே தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்.

பணிக்காலத்தின் பெரும்பகுதி அவருக்குத் தீக்காயப் பிரிவில் கழிந்தது. பட்டாசுத் தொழில் நடக்கிற இந்தப் பக்கத்தில் அந்தப் பிரிவில் வேலை பார்ப்பது என்றால் என்ன என்பதை இந்த மலரைப் படிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அக்கா அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டார். ஆனால் கிறிஸ்துமஸுக்கு எங்கள் பிள்ளைகள் அவர் முன்னால் கம்பி மத்தாப்புகூடக் கேட்டதில்லை. நின்றுகொண்டே சாப்பிடுகிற பழக்கம் அங்கே வந்ததுதான். கடைசிவரை போகவில்லை.

பணி ஓய்வு அவரை ஒரு நோய் போலப் பிடித்தது. எம். புதுப்பட்டியில் அத்தானும் அவரும் கட்டிய வீட்டில், காலையில் எழுந்தால் எங்கே போவது என்று தெரியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தார். பிறகு கொல்லையைக் கொத்த ஆரம்பித்தார். கொய்யா, மாதுளை, சீத்தா, எலுமிச்சை, மல்பெரி என்று வரிசையாக வைத்தார். கொய்யா காய்க்கும்வரை பொறுக்கமுடியாமல் மாதுளையைப் பெயர்த்து இடம் மாற்றிவைப்பார். நான் விருதுநகரிலிருந்து பஸ் ஏறி வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு செடி வேறு இடத்தில் இருக்கும்.

புளூபெர்ரியைக் கொண்டுவந்தது பெங்களூரில் இருக்கிற அக்கா மகள். சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் நீலப் பழங்கள். அக்கா ஒன்றை வாயில் போட்டு, “களாப்பழத்துக்குத் தங்கச்சி மாதிரி இருக்கு. இத ஏன் டப்பாவுல வாங்கணும்?” என்றார். அந்த வாரமே கூரியரில் செடிகள் வந்தன. சில நாட்களில் இலைகள் மஞ்சளித்தன. நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. தோட்டக்கலை தெரிந்த சபை நண்பர் ஒருவர் வந்து பார்த்தார்.

“சிஸ்டர், இது குளிர்ச்சியான ஊருச் செடி. புளிப்பு மண்ணு கேக்கும். நம்ம மண்ணுலயும் சுண்ணாம்பு, போர் தண்ணியிலயும் சுண்ணாம்பு. எப்படி வரும்?”

“அப்ப மண்ண மாத்திருவோம்” என்றார் அக்கா.

மாற்றினார். தரையை விட்டுப் பைகளுக்கு மாற்றி, தென்னை நார்க் கழிவும் மக்கிய சருகும் நிரப்பி, மேலே பச்சை வலை கட்டினார். மண்ணில் புளிப்பு ஏறக் கந்தகம் கலக்கவேண்டும் என்றதும், பக்கத்து வீட்டு மாரியம்மாள் சிரித்துவிட்டாள். அவள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அக்காவைவிடப் பல வயது இளையவள். கணவர் இல்லாமல் மகளைக் காலேஜில் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்க கம்பெனில மூடமூடயா கெடக்கு சிஸ்டரு. கேட்டு ஒரு கை வாங்கியாரவா?”

“அந்தக் கந்தகம் என் வாசப்படி ஏறக்கூடாது மாரி” என்று சொல்லி, உரக்கடைக்குப் போய் வாங்கிவந்தார் அக்கா. இரண்டும் ஒரே கந்தகம்தானே என்று அத்தான் கேட்டதற்கு, “இல்ல, இது செடிக்குன்னு வந்தது” என்று முடித்துவிட்டார்.

தண்ணீர் விஷயத்தில் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. மாடியில் விழுகிற மழையைத் தொட்டியில் பிடித்து, அதைப் புளூபெர்ரிக்கு மட்டும் என்று அக்கா ஒதுக்கினார். கோடையில் போர் வற்றியபோது அத்தானுக்குப் பொறுக்கவில்லை.

“மனுசனுக்கு உப்புத் தண்ணி, செடிக்கு மழத் தண்ணியா? எந்த ஊரு ஞாயம்?”

“நீங்க வாயத் தொறந்து கேட்டுட்டீக. அது கேக்காதுல்ல” என்றார் அக்கா. அத்தான் இரண்டு நாள் பேசவில்லை. அக்கா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிறகு அந்த விபத்து நடந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். அக்கா வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எந்தத் திசை என்று பார்த்தார். மாரியின் கம்பெனி இருந்த திசை. கையைக்கூடத் துடைக்காமல் தெருவுக்குப் போய், வந்த ஆட்டோவை மறித்து ஏறிவிட்டார். ஓய்வு பெற்றவர் என்று மருத்துவமனையில் யாரும் அவரைத் தடுக்கவில்லை. மறுநாள்தான் வீடு வந்தார். நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டு, “மாரி பொழச்சிருவா. கைதான்…” என்றார்.

மாரி பிழைத்தாள். ஆனால் தழும்பு இறுகி, வலது கை விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிக்கொண்டன. தினமும் அசைத்தால்தான் விரியும். அசைத்தால் உயிர் போகிற வலி. அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அக்கா காலையும் மாலையும் போய்க் கதவைத் தட்டுவார். “விட்டுருங்க சிஸ்டரு. இது இம்புட்டுத்தான்” என்று உள்ளிருந்தே பதில் வரும். ஒருநாள் அக்கா கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், அவளை இழுக்காத குறையாகக் கொல்லைக்குக் கூட்டிவந்தார்.

“மல்பெரி உதுந்து வீணாப் போகுது. எனக்குக் குனிய முடியல. பறிச்சுக் குடு.”

குனியமுடியாதவர் என்று அக்காவைப் பற்றி நினைக்க யாராலும் முடியாது. மாரிக்கும் தெரியும். ஆனாலும் பறித்தாள். முதலில் இடக் கையால். அக்கா முறைத்ததும் வலக் கையால். பழம் நசுங்கிச் சாறு வழிந்தது. அதோடு அவள் கண்ணீரும் வழிந்தது. நான் போதும் என்றேன். “நீ போயி டீ போடு” என்று என்னை விரட்டிவிட்டார்.

மல்பெரிக்குப் பிறகு மாதுளைப் பூ உதிர்ந்ததைப் பொறுக்கும் வேலை. அதன் பிறகு புளூபெர்ரி. குளிர்மாதத்தில் சின்னச் சின்ன மணி போல வெள்ளைப் பூ வைத்தது. முதல் பூவைக் கிள்ளி எறிந்தால்தான் செடி வேர்பிடிக்கும் என்று எங்கோ படித்திருந்தார் அக்கா. அந்தப் பூவைக் கிள்ளப் பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் சேரவேண்டும்.

“பூத்தத கிள்ளச் சொல்றீகளே, பாவமில்லையா?” என்றாள் மாரி.

“கிள்ளு. அடுத்த வருசம் காய்க்கட்டும்.”

அந்த அடுத்த வருடம்வரை காத்திருந்தது எங்கள் அக்காதான் என்பதை எழுதும்போதுகூட நம்பமுடியவில்லை. அதற்குள் மாரி கூப்பிடாமலே வர ஆரம்பித்தாள். சுண்டுவிரல் தவிர மற்ற விரல்கள் ஏறக்குறைய விரிந்தன. காய் நீலம் பூத்ததும் அக்கா பொறுக்கவில்லை, பறிக்கச் சொன்னார். ஒரு கைப்பிடி தேறியது. வாயில் போட்டதும் எல்லார் முகமும் கோணியது.

“தொட்டா கையில விழணும் சிஸ்டரு. இழுத்துல்ல பறிச்சோம். இன்னும் கொஞ்சம் விட்டிருக்கக்கூடாதா?” என்றாள் மாரி. அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பை அத்தான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. தீபாவளிக்கான பட்டாசுச் சீசன் நெருங்கியது. ஒரு மாலை மாரி வந்து, வேறொரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னாள். அக்காவின் கையில் இருந்த பூவாளி அப்படியே நின்றது.

“மறுபடியுமா? அந்தக் கையோடயா? உனக்குப் புத்தி இருக்கா?”

“பொட்டி போடுற எடந்தான். வெடிமருந்து கிட்டப் போகமாட்டேன்.”

“தீ வந்தா மருந்து ரூமு, பொட்டி ரூமுன்னு பாக்குமா?”

மாரி கையை விரித்துக் காட்டினாள். “பழம் பறிச்சு எம்மக காலேஜு முடிக்க முடியுமா சிஸ்டரு? இந்தக் கை வேலைக்குப் போகக்கூடாதுன்னா, என்னத்துக்கு இம்புட்டுப் பாடுபட்டு விரிச்சு விட்டீக?”

அக்கா பூவாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு மாரியோடு பேசவில்லை. வேறு வேலைக்காகத் தெரிந்த இடங்களிலெல்லாம் ஏறி இறங்கினார்; மருத்துவமனை, பள்ளி விடுதி, ஜவுளிக்கடை. தழும்புக் கையைப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. மாலையில் கம்பெனி வேன் வந்து மாரியை இறக்கிவிடும்வரை அக்கா வாசலில் நடந்துகொண்டே இருப்பார். அவள் இறங்கியதும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவார். அந்தச் சீசன் முழுவதும் இப்படியே நடந்தது. தூக்கம் குறைந்தது. நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று ஒருமுறை சொன்னார். டாக்டரிடம் போகலாம் என்றால் வேறு பேச்சு எடுப்பார்.

ஒரு காலை, வேன் வந்து நின்று, பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாரி படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் அவள் என்னிடம் சொன்னாள்: “சிஸ்டரு உக்காந்திருந்தாகம்மா. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் பாக்கல. ஓடிட்டேன்.”

அத்தான் கொல்லையில் இருந்தார், அவருக்குத் தெரியாது. வேனில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் இறங்கி அக்காவைத் தூக்கி ஏற்றினார்கள். வேன் டிரைவர் கம்பெனிக்குப் போகாமல் மருத்துவமனைக்கு ஓட்டினார். அதனால்தான் எங்களுக்கு இன்னும் இரண்டு நாள் கிடைத்தது. மகள் வந்து பார்க்க முடிந்தது. தம்பி வந்து சேர முடிந்தது.

கண் விழித்தபோது மாரி பக்கத்தில் இருந்தாள். “வேலைக்குப் போகலையா?” என்றார் அக்கா.

“போகல சிஸ்டரு.”

“எங்க, கையக் காட்டு.” பிடித்துப் பார்த்து, மடங்கியிருந்த சுண்டுவிரலை மெதுவாக நீவிவிட்டார். “இத விட்டுட்டயே. செய்யணும்லா?” அந்த விரலைப் பிடித்தபடியே தூங்கிப்போனார்.

புளூபெர்ரிச் செடிகளில் ஒன்று இந்தக் கோடையில் காய்ந்துவிட்டது. மற்றவற்றுக்கு அத்தான் மழைத் தண்ணீர் ஊற்றுகிறார். எங்களை அந்தத் தொட்டிப் பக்கமே விடுவதில்லை. மாரி இன்னும் அதே வேனில்தான் போய்வருகிறாள். அவள் மகள் படிப்பை முடித்திருக்கிறாள், வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். இது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. என் மனமும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அக்காவைக் கவனித்த மருத்துவர்கள், அவரோடு பணிசெய்த, அவரிடம் பயின்ற செவிலியர், ஜெபித்த சபையார், சமைத்துக் கொடுத்துப் பாத்திரத்தைக்கூடத் திரும்பக் கேட்காத எங்கள் தெருவார் எல்லோருக்கும் குடும்பத்தின் நன்றி.

இன்னொரு நன்றி இருக்கிறது. அடக்க ஆராதனை நடந்த பிற்பகல், அந்த வேன் வேலையிடத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தது. இறங்கிய பெண்கள் உள்ளே வரவில்லை. கை கழுவியும் போகாத, பட்டாசுக்குச் சேர்க்கிற வெள்ளிப் பவுடர் விரலிலும் நகத்திலும் மின்ன, கேட்டுக்கு வெளியே ஒதுங்கி நின்றார்கள். அத்தான் எழுந்து போய் அவர்களைக் கூட்டிவந்தார். ஒவ்வொருவரும் குனிந்து அக்காவின் பாதத்தைத் தொட்டார்கள். வெள்ளைச் சேலையின் ஓரமெல்லாம் வெள்ளிக் கறை படிந்தது. யாரோ ஈரத்துணியோடு வந்தார்கள். அத்தான், “இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். அப்படியே அடக்கம் செய்தோம்.

உங்கள் பெயர்கள் எல்லாம் எங்களுக்குத் தெரியாது, தாய்மாரே. அந்தக் கைகளை நாங்கள் மறக்கமாட்டோம்.

குடும்பத்தார் சார்பில்,
தங்கை