அப்பாவுக்குத் தெரியாமல் வைத்த அசிஸ்ட்

கார் பந்தய கேம்களை எடைபோட எனக்கென்று ஒரு முறை உண்டு. வாங்கிய அன்று பந்தயம் எதிலும் சேர மாட்டேன். ஆளில்லாத தடத்தில் ஒரு காரை எடுத்துப்போய், நேர்ப்பாதையில் வேகம் கூட்டி, பிரேக்கை ஒரேயடியாக மிதிப்பேன். சக்கரம் பூட்டிக்கொண்டு கார் இழுபட வேண்டும். சமர்த்தாக நின்றுவிட்டால் அந்த கேம் பொய் சொல்கிறது. பிறகு ஒரு வளைவில் தேவைக்கு மேல் ஆக்ஸிலேட்டரை அழுத்துவேன்; பின்பக்கம் வழுக்க வேண்டும். கடைசியாக மழை. கொடுத்த விலைக்குத் தகுமா என்பதை ஒரு மாதம் போன பிறகுதான் சொல்வேன். அப்போதும் ஆபீஸிலிருந்து வந்து சட்டையை மாற்றியதும் கம்ப்யூட்டரோடு மாட்டியிருக்கும் ஸ்டியரிங் முன்னால் உட்காரத் தோன்றினால் தகும். படம் எவ்வளவு அழகு என்பதை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இணையத்தில் இதற்கென்று இருக்கும் ஒரு குழுவில் இப்படி எழுதிவருகிறேன். வாங்கலாமா வேண்டாமா என்று என் பதிலுக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. அசிஸ்ட் போட்டு ஓட்டிவிட்டுக் கருத்துச் சொல்ல வருபவர்களிடம் அங்கே கொஞ்சம் கடுமையாகவே பேசியிருக்கிறேன். அசிஸ்ட் என்பது கேம் நமக்குச் செய்யும் ரகசிய உதவி. நாம் தாமதமாகப் பிரேக் போட்டால் அதுவே முன்கூட்டிப் போட்டுவிடும். ஸ்டியரிங்கை அதிகம் திருப்பினால் அதுவே சரிசெய்துவிடும். ஓட்டுபவருக்கு எல்லாம் தன் கைத்திறன் போலவே தோன்றும்.

போன வருடம் எங்கள் ஊரின் நெரிசலான சந்தைப்பகுதியான மண்டி மொஹல்லாவில் அப்பா காரை ஓட்டிப்போனபோது, இடப்பக்கச் சந்திலிருந்து வந்த ஆட்டோவை உரசிவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை. ஆட்டோக்காரர் கன்னடத்தில் திட்டியதைவிட, "அது எங்கேருந்து வந்ததுன்னே தெரியல்ல" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது. கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கிளாகோமா என்றார். நேரே இருப்பது தெளிவாகத் தெரியும், இரண்டு ஓரமும் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டே வரும், இனி வண்டி ஓட்டவே கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கார் சாவியை எடுத்து என் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டேன். அதிலிருந்து தினமும் காலையில் இதே பேச்சு.

"சாவி எங்கடா?"

"என்கிட்ட இருக்குப்பா."

"நீ பைக்லதானே போறே. உனக்கெதுக்குக் கார் சாவி?"

அம்மா சமையலறையிலிருந்து, "டாக்டர் சொன்னது காதுல விழல்லயா உங்களுக்கு? சாக்கு, விடுங்க" என்பாள். சாக்கு என்றால் கன்னடத்தில் போதும்; கன்னட ஊரில் இருந்து இருந்து எங்கள் வீட்டுத் தமிழில் அது கலந்துவிட்டது.

"அவர் கண்ணைப் பத்திச் சொன்னார். ஓட்டறது கையும் காலும். நேரே வர்றதெல்லாம் தெரியுதே, அப்புறம் என்ன?"

அவர் முகம் வாடிப்போவதைப் பார்க்க முடியாமல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை என் ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தேன். "அசல் கார் மாதிரியே இருக்கும்பா" என்றேன். என் வழக்கப்படி எல்லா அசிஸ்ட்டும் அணைந்திருந்தது. முதல் வளைவிலேயே கார் சுற்றிக்கொண்டு மணலில் போய் நின்றது. அவர் சிரித்துவிட்டு எழுந்துவிட்டார். ஆனால் சிரிப்பு சரியாக வரவில்லை.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து அவரை மறுபடி கூப்பிடுவதற்குள் எல்லா அசிஸ்ட்டையும் போட்டுவைத்தேன். அவை வேலை செய்வதைக் காட்டும் சின்னங்கள் திரையின் மூலையில் மின்னும். அவற்றையும் மறைத்தேன். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்பவன் நான்.

அன்றைக்குக் கார் எல்லா வளைவிலும் ரயில்போல் போனது. "பரவால்லயே! கை மறக்கல்ல" என்றார் அப்பா. நான் தலையாட்டினேன். அடுத்த சில மாதங்கள் எங்கள் வீட்டில் அவ்வளவு நல்ல மாதங்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் அறைக்குள் போய்விடுவார். இரவில் நான் ஓட்டி முடித்ததும் அசிஸ்ட்டை மறக்காமல் மறுபடி போட்டுவைப்பேன். எதிர்வீட்டு ரிட்டயர்டு ஆசிரியர் வந்தால் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து ஓட்டிக்காட்டுவார். "சும்மனே சொல்லல்ல சார், ஒருதடவைகூட இடிக்கல்ல" என்பார். ஆசிரியரும் "நன்றாகத்தான் ஓட்டுகிறீர்கள், மழையிலும்" என்று மேடைத் தமிழில் பாராட்டுவார். லீவு நாளானால் நான் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை அம்மாவின் பீரோவில் மாற்றுச்சாவியை அப்பா கண்டுபிடித்துவிட்டார். என்னிடம் கத்தவில்லை. மிக நிதானமாகப் பேசினார்.

"வியாழக்கிழமை உங்கம்மாவுக்கு முட்டிவலி டாக்டர்ட்ட போகணும். நான்தான் கூட்டிட்டுப் போறேன்."

"அப்பா, வேணாம்பா."

"ஏன் வேணாம்? கம்ப்யூட்டர்ல அந்த ஸ்பீட்ல இடிக்காம ஓட்டறேன். மண்டி மொஹல்லால ஊர்ந்து போகமாட்டேனா? அசல் மாதிரியே இருக்கும்னு நீதானே சொன்னே?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவளும் பாதி மாறியிருந்தாள். "அவ்ளோ நம்பிக்கையா சொல்றாரேப்பா. நீயும் லீவு நாள்ல பாக்கறே இல்ல?" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். உதவி போட்டிருந்தேன் என்று சொன்னால் போதும். ஆனால் இத்தனை மாதம் ஏமாற்றினாயா என்று கேட்பாரே என்று பயந்தேன். அந்த ஒரு கேள்வியைத் தவிர்க்க, புதன்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு எல்லா அசிஸ்ட்டையும் அணைத்தேன்.

அப்பா சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் வளைவில் கார் சுற்றியது. மறுபடி தொடங்கினார், மறுபடி சுற்றியது. பிறகு தடுப்புச்சுவரில் மோதியது. கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு என்னமோ மாதிரி இருக்கேடா. நீ எதாவது மாத்தினியா?"

"இல்லப்பா. அதே கேம்தான்."

இன்னும் சிலமுறை முயன்றார். பிறகு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து மாற்றுச்சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வித்துடலாம்" என்றார்.

தினமும் எழுதும் டைரியில் அன்றைக்கு மழை பெய்ததை மட்டும் எழுதினேன்.

காரைப் பார்க்க எல்லையோர ராமாபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். அங்கே மளிகைக்கடை வைத்திருப்பவர். வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார்.

"ஏனுங்க, இத்தனை பதனமா வெச்சிருக்கீங்க. எதுக்குங்க குடுக்கறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "வண்டில ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் கை போயிடுச்சு. கம்ப்யூட்டர் கேம்லயே தெரிஞ்சுபோச்சு."

"அடக் கடவுளே! கேமைப் பாத்துட்டா காரை விப்பாங்க? எம் பையன் கேமுல ஏரோப்பிளேனு ஓட்டறானுங்க. அதுக்காவ ஒண்ணு வாங்கியா குடுக்கறதுங்க?"

அப்பாவும் சிரித்தார். நான் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

கார் போன பிறகு அப்பா என் அறைப்பக்கமே வரவில்லை. நானும் ஒழுங்காக ஓட்டவில்லை. குழுவில் யாரோ ஒரு புதிய கேம் எவ்வளவு அசல் என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தவன், பாதியில் எழுந்து ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து இரண்டு துண்டாக்கினேன். என் மூக்குக்கண்ணாடியின் இரு ஓரங்களிலும் அவற்றை ஒட்டிக்கொண்டேன். அறையின் ஜன்னலும் பீரோவும் மறைந்தன. திரை மட்டும் தெரிந்தது. ஓட்டினேன். எப்போதும்போலவே ஓட்டினேன். ஒரு வளைவில்கூட வித்தியாசம் இல்லை.

இத்தனை வருடம் பிரேக்கையும் டயரையும் மழையையும் சோதித்தவனுக்கு இது தோன்றியதே இல்லை. அந்தத் திரைக்குப் பக்கங்களே கிடையாது. ஓரத்தில் வருவது தெரிகிறதா என்று டாக்டர் கேட்ட கேள்வியை கேம் கேட்கவே இல்லை. அசிஸ்ட் போட்டபோது அப்பா ஓட்டியது அவருடைய ஓட்டம் இல்லை. அணைத்தபோது தோற்றதும் அவருடைய தோல்வி இல்லை; உதவி எதுவும் இல்லாத பந்தயக் காரில், பல மாதப் பழக்கம் இல்லாமல், யாராக இருந்தாலும் முதல் வளைவில் சுற்றுவார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் சுற்றினேன். இதை அட்டைத் துண்டுகளோடு அவர் முன்னால் அன்றைக்கே காட்டியிருந்தால் போதும். சண்டை வந்திருக்கும். ஆனால் பொய் வந்திருக்காது.

அடுத்த நாள் அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். சின்னங்களை மறைத்ததையும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப எனக்குக் கை போகல்ல."

"இல்லப்பா. கைக்கு ஒண்ணுமில்ல."

"கண்ணு?"

"கண்ணுக்கு டாக்டர் சொன்னதுதான்."

"அதை அப்படியே சொல்றதுக்கு என்னடா? நான் என்ன குழந்தையா?"

"நீங்க கேக்கமாட்டீங்கன்னு..."

"கேட்டிருக்கமாட்டேன். ஹௌது, ஆமா. சாவியத் தூக்கி உன் மூஞ்சில எறிஞ்சிருப்பேன். அது வேற." டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். "இந்த டம்ளரை எடுக்கறப்பெல்லாம் கை நடுங்குதான்னு பாத்துட்டிருக்கேன்டா. ஷேவ் பண்ணப் பயந்து கடைக்குப் போறேன். உனக்குத் தெரியுமா அது?"

அவர் சலூனுக்குப் போகத் தொடங்கியது எனக்குத் தெரியும். பொழுதுபோக்குக்காக என்று நினைத்திருந்தேன்.

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ எப்படி ஓட்டுவே? உதவி போட்டா, போடாமலா?"

"போடாமப்பா."

"எனக்கும் அப்படியே வை."

அதிலிருந்து தினமும் மத்தியானம் வந்து உட்காருகிறார். லீவு நாட்களில், கார் சுவரில் மோதும் சத்தம் அறைக் கதவைத் தாண்டி எனக்குக் கேட்கும். உள்ளே போய் எதுவும் சொல்வதில்லை. சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

போன சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். ஒரு சுற்று முழுவதையும் எங்கும் மோதாமல் முடித்திருந்தார். நான் மனதாரத்தான் சொன்னேன்.

"ரொம்ப நல்லா ஓட்டியிருக்கீங்கப்பா."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் வைக்கல்லயே நீ?"

"இல்லப்பா."

"காட்டு."

அமைப்புப் பக்கத்தைத் திறந்துகொடுத்தேன். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, திரைமேல் விரலை வைத்து, "ஆஃப், ஆஃப், ஆஃப்" என்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போனார். முடித்ததும் விரலை மறுபடி முதல் வரிக்குக் கொண்டுபோனார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.