வேலியோரத்தில் ஒரு படம்

தஞ்சாவூர் விமானத்தளத்தின் வேலிக்கு வெளியே, வயல் வரப்பில் நின்று விமானச் சாகசம் பார்க்கிறேன். கையில் முழ நீள லென்ஸ். பக்கத்தில் வயலுக்குச் சொந்தக்காரரான செல்வி, கீறல் விழுந்த செல்போனோடு நிற்கிறார். இரண்டு போர் விமானங்கள் எதிரெதிரே வந்து நொடியில் கடக்கின்றன. எனக்குக் கிடைத்தது வெறும் புகை. அவர் போனிலோ, இரண்டும் உரசிக்கொள்வதுபோல் அப்படியே நிற்கின்றன.

"எப்படிங்க எடுத்தீங்க?"

"ஓடுபாதைக்குப் போன நிலத்துல, போராடி மீட்டது இந்தத் துண்டு மட்டுந்தாங்க. தெனமும் இங்கதான் இருக்கேன். கொக்கு எழும்பினா விமானம் வருதுன்னு தெரியும். உடனே அமுக்கிடுவேன்."

வயிறு எரிகிறது. பத்து வருஷமாக ஊர் ஊராக அலைந்தும் என்னிடம் இப்படியொரு படம் இல்லை.

"உங்களுக்கு அனுப்பட்டுமாங்க?"

"வேண்டாங்க. எனக்கும் இதே படம் கிடைச்சிடுச்சு" என்று பொய் சொல்லிவிட்டு நகர்கிறேன்.