காசிநாதன் கேட்டு வாங்கிய லேப்டாப்

கமலின் கடைக்கு லேப்டாப் வாங்க வருகிறவர்கள் முதலில் திரையைத்தான் பார்ப்பார்கள். சிலர் தூக்கிப் பார்த்து எடை சொல்வார்கள். 2009ஆம் வருடம் ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வந்தவரோ திரைப் பக்கமே திரும்பவில்லை. மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்த சின்ன லேப்டாப்பின் விலாவில் காதை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"சார், இன்னா பண்றீங்க?" என்றார் கமல்.

"விசிறி எவ்ளோ சத்தம் போடுதுன்னு கேக்குறேன்பா. ஒரு நிமிஷம் பேசாம இரு."

அப்போதுதான் அவர் கக்கத்தில் மடக்கி வைத்திருந்த வெள்ளைக் கோல் கமலின் கண்ணில் பட்டது.

காசிநாதனுக்கு வயது நாற்பத்திரண்டு. சொந்த ஊர் ஐயம்பேட்டை. நான்கு வயதில் வந்த அம்மை பார்வையைக் கொண்டுபோய்விட்டது. ஊரார் நிலத்தில் நடவு நட்டுப் பிழைத்த பெற்றோர், பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் அவரைச் சேர்த்தார்கள். பிரெயில், டைப், டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி எல்லாம் முடித்து, காஞ்சிபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடமாகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் போய் ஷேர் ஆட்டோவில் வருவார். அலுவலகத்துக்கு வரும் எல்லா அழைப்பும் அவர் கைவழியாகத்தான் உள்ளே போகும். ஹலோ என்று சொல்வதற்கு முன்னால் இழுக்கும் மூச்சிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

அவருக்கு அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள். திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருளும் அதில் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியின் விசிறி மாவு மில் மாதிரி இரையும். அதை ஓடவிட்டால் டெலிபோனில் பேசுகிறவர் குரல் கேட்காது. டெலிபோனைக் கேட்க வேண்டுமென்றால் அதை அணைத்தாக வேண்டும். போதாததற்குத் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் கரண்ட் போய்விடும். அதனால் பெட்டி பெரும்பாலும் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எண்ணூறு டெலிபோன் எண்களையும் அவர் மனப்பாடமாகத்தான் வைத்திருந்தார்.

கையடக்கமாகச் சின்ன லேப்டாப்கள் மலிவாக வந்திருப்பதாக ரேடியோவில் கேட்டதும் அவருக்கு ஆசை வந்தது. பக்கத்து அறைக் கிளார்க் பஞ்சாட்சரத்திடம் சொன்னார்.

"அதெல்லாம் வாணாம் காசி. விளையாட்டு சாமான் அது. பிராசஸருக்கு சக்தியே கெடயாது. வாங்குனா பெருசா வாங்கு, இல்ல சும்மா இரு" என்றார் பஞ்சாட்சரம்.

"சக்தி இல்லன்னா இன்னா அர்த்தம்? மெதுவா ஓடுமா, நின்னுடுமா?"

"சக்தி இல்லன்னா சக்தி இல்ல, அவ்ளோதான்."

அந்தப் பதில் காசிநாதனுக்குள் முள்ளாய்த் தைத்தது. வாங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். சக்தி இல்லை என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது? கமலின் கடைக்குப் போன் செய்து கேட்டதற்கு, சின்னதுக்கு ஒன்று புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸ், பெரியதுக்கு இரண்டு என்று வேகக் கணக்குச் சொன்னார் கமல். பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லையே, பிறகு ஏன் சின்னது பெரியதில் பாதிகூடத் தேறாது என்கிறார்கள் என்றால், "கம்பெனில அப்டித்தான் சார் சொல்றாங்க" என்றார்.

ஆபரேட்டருக்கு ஒரு வசதி உண்டு. எந்தக் கேள்விக்கு எந்தக் குரல் பதில் சொல்லும் என்று அவருக்குத் தெரியும். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீவர்தன் என்பவர் அவ்வப்போது அந்த அலுவலகத்துக்குப் பேசுவார். பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். அடுத்த முறை அவர் கூப்பிட்டபோது, கேட்ட இணைப்பைக் கொடுத்துப் பேச்சு முடிந்ததும், காசிநாதன் அவரை விடவில்லை.

"சார், ஒரு சந்தேகம். தப்பா நெனைக்காதீங்க."

விஷயத்தைக் கேட்டதும் ஸ்ரீவர்தனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நன்னாக் கேட்டேள் போங்கோ! என் பசங்களே இதைக் கேக்க மாட்டேங்கறா. பெரிய பிராசஸர் இருக்கே, ஒரு வேலைக்கு வேண்டிய விவரம் வரத் தாமதமானா, அதை ஓரமா நிறுத்திட்டு அடுத்த வேலையை எடுத்துக்கும். எது தயாரோ அதை முதல்ல முடிக்கும். சின்னது அப்படியில்லை. வரிசை தப்பாது. முன்னாடி இருக்கறது முடியற வரைக்கும் பின்னாடி இருக்கறது காத்துண்டிருக்கணும்."

காசிநாதன் சிரித்துவிட்டார். "புரிஞ்சிபோச்சு சார். நான் ஒருத்தர லைன்ல நிறுத்திவச்சிட்டு அடுத்தவருக்கு கனெக்ஷன் குடுக்கறேன். அது பெருசு. எனக்கு முன்ன இருந்த ஆபரேட்டர் அப்டி செய்ய மாட்டாரு. ஒரு ஆளு லைன்ல வர்ற வரைக்கும் மத்தவங்கல்லாம் மணியடிச்சிக்கினே கெடக்கணும். அது சின்னது."

"அதேதான்! ஆனா உங்களுக்கு முன்னாடி இருந்தவர் சாயங்காலம் களைச்சே போயிருக்க மாட்டார், இல்லையா? பெரியதுக்கு அந்தத் தாவல் வேலைக்கே நிறைய மின்சாரம் செலவாறது. அதான் சூடு, அதான் விசிறிச் சத்தம். சின்னது ஒரு ராத்திரி விளக்கு சாப்பிடறதைவிடக் கம்மியாச் சாப்பிடும். இன்னொண்ணு, ஒரே ஆள்தான்னாலும் அதுக்கு ரெண்டு காது. ரெண்டு வரிசையை மாத்தி மாத்திக் கவனிக்கும்."

"அந்த பிராசஸர் சில்லு எவ்ளோ பெருசு சார் இருக்கும்?"

"அரிசி மணியைவிடக் கொஞ்சம் அகலம். அவ்வளவுதான்."

அன்று சாப்பாட்டில் ஒரு பருக்கையை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தார் காசிநாதன். "சோறு வேகலியா?" என்று கேட்டாள் மனைவி மரியம்மாள். வெந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி உருட்டினார்.

இத்தனைக்கும் பிறகுதான் அந்தச் சனிக்கிழமை, பென்டிரைவ் ஒன்றில் இலவசமாகக் கிடைக்கும் குரல் மென்பொருளைப் போட்டுக்கொண்டு கமலின் கடைக்கு வந்தார். மேஜைமேல் சின்னது ஒன்று, அதற்குப் பக்கத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு விலையுள்ள பெரியது ஒன்று. பெரியதின் விசிறி தூரத்தில் பஸ் உறுமுவதுபோலக் கேட்டது. சின்னதில் கொசு ரீங்காரம்கூட இல்லை. உள்ளங்கையை அடியில் வைத்துப் பார்த்தார். வெயிலில் கிடந்த புத்தகத்தின் சூடுதான் இருந்தது.

அடுத்துத் தாமதம். ஒரு விசையை அழுத்தினால் குரல் வர எவ்வளவு நேரமாகிறது? கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லட்டுமா என்றார் கமல். வேண்டியிருக்கவில்லை. பயிற்சிக் காலத்தில் காசிநாதன் பழகியது எண்வட்டத்தைச் சுழற்றும் பழைய டெலிபோன். விரலை எடுத்ததும் அந்த வட்டம் டக் டக் டக்கென்று திரும்பி வரும். நொடிக்குப் பத்து டக். அந்தத் தாளம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது.

பெரியதில் விசையைத் தட்டினார். ஒரு டக்குக்குள் குரல் வந்தது. மென்பொருளோடு வந்த, நிஜமான பெண்பிள்ளை பேசுவதுபோன்ற இனிமையான இங்கிலீஷ் குரல் அது. அதே குரலைச் சின்னதில் போட்டார். ஆறு டக். வேகமாக டைப் செய்தால் குரல் திக்கித் திணறி, முதல் எழுத்தைச் சொல்லும்போது அவர் நான்காவது எழுத்தில் இருந்தார்.

"நான்தான் சொன்னேனே சார்..." என்று கமல் ஆரம்பித்தார்.

"இரு, இரு. கொரல மாத்திப் பாக்கலாம்."

அந்த மென்பொருளில் இன்னொரு குரலும் இருந்தது. இனிமை கிடையாது, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் தமிழும் படிக்கும். அதைப் போட்டுத் தட்டினார். ஒரு டக். மறுபடி தட்டினார். ஒரு டக், சில சமயம் ஒன்றரை. வேகத்தைக் கூட்டினார், தகரக் குரல் சளைக்கவில்லை. காசிநாதனின் முகம் மலர்ந்தது. அந்த அழகான குரலைச் செய்வதற்கு நிறைய வேலை ஆகிறது. வரிசையில் அதன் பின்னால் எல்லாமே நிற்க வேண்டியிருக்கிறது. தகரக் குரலுக்கு வேலை கொஞ்சம், அதனால் வரிசை நகர்கிறது.

படங்களும் விளம்பரங்களும் நிறைந்த இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொன்னார். தகரக் குரலும் அப்போது விழுந்துவிட்டது. நீண்ட மௌனம், பிறகு ஒரு வார்த்தை, மறுபடி மௌனம். இரண்டு காது போதாத இடம் இதுதான் என்று மனத்தில் குறித்துக்கொண்டார். படங்களை நிறுத்திவிட்டுத் திறந்தால் பரவாயில்லாமல் ஓடியது.

பதினொன்றரை மணிக்குக் கரண்ட் போனது. கடைக்குள் ஜன்னல் கிடையாது. மேஜைக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. இரண்டு லேப்டாப்பும் மட்டும் பேட்டரியில் ஓடின. கமல் மெழுகுவர்த்தியைத் தேடித் தடுமாறி, நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

"உனக்கு எடது பக்கம் அலமாரில தீப்பெட்டி கலகலன்னுச்சு பாரு, காலைல" என்றார் காசிநாதன், டைப் அடிப்பதை நிறுத்தாமல்.

பெரியது ஒரு மணி நேரத்தில் அணைந்தது. சின்னது, கமல் சாப்பிட்டுவிட்டு வந்து, கரண்டும் வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிறப்பு வகுப்பு முடிந்து தெருவில் போகிற நேரம்வரை, மறுபடி சார்ஜரில் மாட்டாமலேயே பேசிக்கொண்டிருந்தது. காசிநாதன் அதையே வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அதைப் பேசவிட்டதும் மரியம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். "இன்னாங்க இது, ஜலதோஷம் புடிச்சவன் மாதிரி பேசுறான்?" கல்லூரிக்குப் போகும் மகள் ஷாரோன் அதில் சினிமா போட்டுப் பார்த்தாள். "அப்பா, படம் நின்னு நின்னு வருதுப்பா. இது வேஸ்ட்" என்றாள். காசிநாதனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அதே பெட்டி, மகளுக்கு நொண்டி, அவருக்கு ஓட்டக்காரன்.

அவர் அதில் முதலில் படித்தது இணையத்தில் வந்திருந்த அன்றைய தினசரி. யாரையும் கூப்பிட்டு உட்கார வைக்காமல், யாருடைய அவசரத்துக்கும் ஈடுகொடுக்காமல், வரி விளம்பரம்வரை தானே படித்தார். வாலாஜாபாத்தில் நெல் அறுக்கும் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும் என்பதை இரண்டு முறை கேட்டார். அவருக்கு அந்த மெஷின் எதற்கும் தேவையில்லை.

அலுவலகத்தில் டெலிபோன் போர்டுக்குப் பக்கத்தில் அதை வைத்து, ஒரு காதில் குரல், மறு காதில் அழைப்பு என்று வேலை நடந்தது. எண்ணூறு எண்களையும் டைப் செய்து ஏற்றினார். பஞ்சாட்சரம் எட்டிப் பார்த்து, "ரெண்டு மாசம் ஓடுதா பாப்போம்" என்றார்.

ஐந்தாவது வாரமே அது தடுமாறியது. காலை பத்து மணிக்கு, அழைப்புகள் குவிகிற நேரத்தில், ஒரு டக் எட்டாகிவிட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டு டக் காத்திருந்து ஒரு பெயரைத் தேடி எடுப்பதற்குள் கூப்பிட்டவர் பொறுமையிழந்து வைத்துவிடுகிறார். பதினொன்றேகாலுக்குத் தானாகவே சரியாகிறது. மறுநாளும் அப்படியே. பஞ்சாட்சரத்தின் பேச்சுதான் பலித்துவிட்டதோ என்று காசிநாதனுக்குத் தோன்றியது. ஆனாலும் ஒன்று உறுத்தியது: சக்தி இல்லாதது என்றால் நாள் முழுக்கல்லவா இல்லாமல் இருக்க வேண்டும்? கடிகாரம் பார்த்தா சக்தி குறையும்?

மூன்றாம் நாள் பத்து மணிக்கு அழைப்புகளுக்கு நடுவில் குனிந்து கேட்டார். விசிறி அல்ல, உள்ளே வேறொரு சத்தம். எலி மரப்பெட்டியைக் கொறிப்பதுபோல விடாமல் ஒரு கரகரப்பு. விவரங்களைச் சேமித்து வைக்கும் வட்டு ஓயாமல் சுழன்று எதையோ தேடிக்கொண்டிருந்தது. தேடச் சொன்னது யார்? ஓடிக்கொண்டிருந்த நிரல்களின் பட்டியலைத் தகரக் குரலை விட்டுப் படிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக மூடி, மூடிய பின் ஒரு விசையைத் தட்டி, டக் எண்ணினார். எட்டு. எட்டு. ஏழு. எட்டு. ஒன்று!

கமல் நல்லெண்ணத்தில் போட்டுக் கொடுத்திருந்த வைரஸ் தடுப்பு நிரல் அது. இலவசமாகத் தானே புதுப்பித்துக்கொண்டு, தினமும் பத்து மணிக்குப் பெட்டி முழுவதையும் சோதிக்க ஆரம்பித்திருந்தது. காசிநாதன் அதை நீக்கவில்லை. சோதனை நேரத்தைச் சாப்பாட்டு இடைவேளைக்கு மாற்றி வைத்தார். கமலுக்குப் போன் செய்து, "சின்ன பெட்டி வாங்குற எல்லாருக்கும் இத மாத்திக் குடுபா" என்று சொன்னார். கமல் அன்றிலிருந்து அப்படியே செய்தார்.

இந்தச் செய்தி எப்படியோ பரவியது. பூந்தமல்லியில் கூடப் படித்தவர்கள் எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் திருப்புட்குழியிலிருந்து செல்லியம்மாள் பேசினார். அவரும் பார்வையற்றவர், பள்ளியில் பாட்டு டீச்சர்.

"நீங்க வாங்குனதையே நானும் வாங்கிடறேன் சார்."

"இருங்க டீச்சர். நீங்க அதுல இன்னா பண்ணப் போறீங்க?"

"பசங்க பாடுறத பதிவு பண்ணணும். வீணை தனியா, பாட்டு தனியா எடுத்து ஒண்ணா சேக்கணும்."

"அப்ப இத வாங்காதீங்க. பாதிலயே மூச்சு வாங்கும். பெருசே வாங்குங்க. சத்தம் போடும், சூடாவும், கரண்ட் போனா சீக்கிரம் நின்னுடும். ஆனா உங்க வேலைக்கு அதுதான் சரி."

டீச்சர் பெரியதையே வாங்கினார். அதில் எத்தனை பாட்டை ஒரே நேரத்தில் அடுக்கினால் திணறும் என்று தெரிந்துகொள்ளாமல் காசிநாதனால் இருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரியம்மாளையும் அழைத்துக்கொண்டு திருப்புட்குழிக்குப் பஸ் ஏறினார். பதினான்கு பாட்டுவரை தாங்கியது. பதினைந்தாவதில் வீணை இடறியது. "போதும் சார், என் பள்ளிக்கூடத்துல அவ்ளோ பேரு பாடவே மாட்டாங்க" என்று சிரித்தார் செல்லியம்மாள். மரியம்மாளும் அந்த அம்மாளும் பேசிக்கொண்டிருக்க, காசிநாதன் எண்ணிக்கையை மறுபடி சரிபார்க்க முதல் பாட்டிலிருந்து தொடங்கினார்.