ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

வெல்டா ஹக்கபி தன் ஐம்பத்தாறாவது வயதில் வாங்கிய முதல் புது வண்டி அவளைக் கொல்லப் பார்த்தது. ஒரு தடவை அல்ல, பல தடவை. அதை நிரூபிக்கத்தான் அவளால் முடியவில்லை.

மேற்கு டெக்சாஸில் ஹாஸ்கின்ஸ் என்ற ஊர் அவளுடையது. எண்ணெய்க் கிணற்றில் ஒரு வால்வு உடைந்தால் பெரிய லாரி வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. பிக்கப் வண்டியின் பின்னால் நீள டிரெய்லரை மாட்டிக்கொண்டு, கூப்பிட்ட நிமிடமே பறக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வெல்டாவின் கணவன் ஹார்லன் அப்படிப் பறந்தவன். மாரடைப்பில் அவன் போன பிறகு அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். பொம்பளைக்கு ஏன் இந்தப் பிழைப்பு என்று காபிக்கடையில் பேசியவர்கள் ஆறு மாதத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். வெல்டா கிளம்பினால் சரக்கு போய்ச் சேரும் என்ற பெயர் ஒன்றுதான் அவளுடைய கைமுதல். அந்தப் பெயர் போனால் சோறு போயிற்று.

ஹார்லன் விட்டுப்போன பழைய வண்டி கம்பிக் கட்டாலும் டேப்பாலும் உயிர் பிழைத்துக் கிடந்தது. அது செத்ததும் ஹார்லனின் தம்பி ராய்ஸ்தான் புது பிக்கப் வாங்கச் சொன்னான். ஊரில் இருந்த ஒரே டீலர் கடையில் அவன் சர்வீஸ் பகுதிக்குத் தலைவன். வரிசையாக நின்ற வண்டிகளில் ஒன்றைத் தட்டிக் காட்டி, இதை எடு, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம் என்றான். பாவம், அவன் மனதாரத்தான் சொன்னான்.

மூன்றாம் மாதம் முதல் தடவை நின்றது. நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போகும்போது இன்ஜின் பொட்டென்று அணைந்தது. முன்னால் இருந்த திரை கறுத்தது. ஸ்டீயரிங் கல்லாய் இறுகியது. பின்னால் டிரெய்லர் நிறைய இரும்புக் குழாய். எப்படியோ ஓரம் கட்டினாள். சற்று நேரம் கழித்துப் பட்டனை அமுக்கினால், ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பியது.

அந்த ஞாயிறு தேவாலயம் முடிந்து ராய்ஸும் அவன் மனைவி டார்லாவும் வழக்கம்போல வெல்டா வீட்டில் சாப்பிட வந்தார்கள். வறுத்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி. வெல்டா விஷயத்தைச் சொல்லி, திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுவருகிறேன் என்றாள்.

"கவுன்டர்ல வரிசையில நிக்கறதுக்கு நீ என்ன மூணாம் மனுஷியா? அண்ணன் பொண்டாட்டிக்கு நான் சர்வீஸ் சீட்டு எழுதினேன்னு தெரிஞ்சா ஊர் காறித் துப்பும்" என்றான் ராய்ஸ்.

அவள் முகம் மலர்ந்ததை மறைக்க முடியாது. அந்த ஊரில் உறவு என்பதற்கு அதுதான் அர்த்தம். சீட்டு எழுதுவது அந்நியனுக்கு. சொந்தக்காரனுக்குக் கை நேராக வண்டியின் அடிவயிற்றுக்குப் போகும். ராய்ஸ் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முற்றத்திலேயே வண்டிக்கு அடியில் படுத்தான். கடையிலிருந்து சொல்லாமல் எடுத்துவந்த சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்தான். ஏதோ ஒயரை மாற்றினான். சரியாகிவிட்டது என்றான்.

சரியாகவில்லை. மறுபடி நின்றது, மறுபடி ஞாயிறு வந்தது, மறுபடி ராய்ஸ் படுத்தான். இப்படி ஏழெட்டு ஞாயிறுகள். கோழி தீர்ந்ததே தவிர கோளாறு தீரவில்லை. கடைசியில் ஒருநாள் மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்று, பின்னால் வந்த எண்ணெய் டேங்கர் ஹாரனை அலறவிட்டபடி கதவை உரசாத குறையாகத் தாண்டிப் போனது. வெல்டா இறங்கி, சாலையோரப் புல்லில் வாந்தி எடுத்தாள். அன்றைக்குத்தான் அவள் கவுன்டருக்குப் போய் நின்றாள். அது ஒன்றுதான் பதிவான தடவை. ஒரு வாரம் வைத்திருந்து, கோளாறு எதுவும் தென்படவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் கம்பெனி அதே மாடலில், அதே கோளாறுக்காக, வண்டிகளை இலவசமாகச் சரிசெய்து தரத் திருப்பிக் கூப்பிட்டது. பக்கத்துப் பண்ணைக்காரனுக்குக் கடிதம் வந்தது. வெல்டாவுக்குப் போன உயிர் வந்தது. தன் வண்டி எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தாள். உங்கள் வண்டிக்கு அழைப்பு எதுவும் இல்லை என்றது. அவளுடையது வேறு ஆலையில் செய்ததாம். அரசாங்கத்தின் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். அங்கே மற்றவர்கள் எழுதியதையும் படித்தாள். இன்ஜின் நின்றது, திரை கறுத்தது, என் பிள்ளைகள் பின்னால் இருந்தார்கள் என்று முகம் தெரியாத யார் யாரோ அவள் கதையையே எழுதியிருந்தார்கள். தான் மட்டுமில்லை என்பது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள். பயம்தான் கூடியது.

சரக்கு அனுப்பும் ஆபீஸ்காரன் இரண்டு தடவை பொறுத்தான். இன்னொரு தடவை வழியில் நின்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று தெளிவாகவே சொல்லிவிட்டான். விற்கலாம் என்றால், வாங்குகிறவனைச் சாகடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. மிச்சமிருந்தது எலுமிச்சைச் சட்டம். நம் பக்கத்தில் புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். அங்கே உருப்படாத புது வண்டிக்கே எலுமிச்சை என்று பெயர். அதை விற்ற கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கம்பெனிக்குச் சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தாயா, எத்தனை தடவை கடைக்குக் கொண்டுபோனாய் என்று கேட்கும். ஒரு தடவை போதாது. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு அதற்குத் தெரியாது.

விசாரணைக்கு முந்தின வாரம் ராய்ஸ் தனியாக வந்தான். படியேறாமல் வாசலிலேயே நின்றான். கம்பெனி தரப்புச் சாட்சியாகக் கடை முதலாளி அவனையே அனுப்புகிறாராம். கடைக் கருவியையும் கடை ஒயரையும் வீட்டுக்கு எடுத்துப்போய் வேலை பார்த்தது தெரிந்தால் திருட்டு என்று எழுதி அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்.

"நீ சொன்னா என் வேலை போயிரும், வெல்டா. வேலை போனா டார்லாவோட வைத்திய இன்சூரன்ஸ் போயிரும். கேன்சர் ஊசி பாதிதான் முடிஞ்சிருக்கு."

"சொல்லலைன்னா நான் போயிருவேன், ராய்ஸ். ரோட்டுல."

அவன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அவனை நாலு வார்த்தை திட்டத்தான் அவளுக்கு ஆசை. திட்டினால் முதலில் தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். சீட்டு வேண்டாம் என்றபோது பல்லைக் காட்டியது யார்?

விசாரணை லபக் நகரத்தில், ஓர் அரசாங்கக் கட்டடத்தின் சின்ன அறையில். விசாரித்தவர் இபார்ரா என்ற நடுவயதுப் பெண் அதிகாரி. கம்பெனிக்காக டல்லாஸிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் வந்திருந்தான். பளபளவென்ற பூட்ஸ், ஒரு துளி சேறு பார்க்காதது. வெல்டாவுக்கு வக்கீல் கிடையாது. ராய்ஸ் கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு, அந்த வண்டியைத் தான் ஒரே தடவை பார்த்ததாகச் சொன்னான். சொல்லும்போது மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் அவரைக் கேள்வி கேட்கலாம் என்றார் அதிகாரி. வெல்டா வாயைத் திறந்தாள். போன வாரம் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தேவாலயத்துக்கு வந்திருந்த டார்லாவின் முகம் முன்னால் வந்து நின்றது. பிறகு கேட்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வழக்கப்படி அடுத்தது வண்டியை ஓட்டிப் பார்ப்பது. இன்ஜினியர் ஓட்டினான், அதிகாரி அவன் பக்கத்தில், வெல்டாவும் ராய்ஸும் பின்னால். இத்தனை நாளும் நின்றுவிடாதே என்று வேண்டியவள் இன்று நின்றுபோ, நின்றுபோ என்று வேண்டினாள். வண்டியோ, டாக்டரைப் பார்த்ததும் போய்விடுகிற பல்வலியாக, ஒழுங்காக ஓடியது. இன்ஜினியர் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு, அருமையான வண்டி மேடம் என்றான்.

திரும்பும் வழியில், மூன்று தடச் சாலையின் நடுத்தடத்தில், பொட்டென்று அணைந்தது.

திரை கறுத்தது. பின்னால் ஒரு லாரி கத்தியது. இன்ஜினியர் பட்டனைக் குத்து குத்தென்று குத்தினான், ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தான், ஒன்றும் அசையவில்லை. அதற்குள் ராய்ஸ் முன்சீட்டுக்கு மேல் பாய்ந்து குனிந்தான்.

"நியூட்ரல்ல தள்ளு. பிரேக்கை விடாத. பட்டனை ரெண்டு தடவை தட்டி விடு, மூணாவதுக்கு அப்படியே பிடி. பிடி, விடாத."

மூன்றாவதுக்கு உயிர் வந்தது. லாரி காற்றை அறைந்தபடி தாண்டியது. ஓரம் கட்டிய பிறகும் இன்ஜினியரின் கை ஸ்டீயரிங்கைவிட்டு வரவில்லை. அதிகாரி மெதுவாகப் பின்னால் திரும்பி ராய்ஸைப் பார்த்தார். அங்கே எதுவும் கேட்கவில்லை.

அறைக்குத் திரும்பி, ஒலிப்பதிவை ஓடவிட்டபின் கேட்டார். ஒரே தடவை பார்த்த வண்டிக்கு, கோளாறே தென்படவில்லை என்று திருப்பிக் கொடுத்த வண்டிக்கு, அந்த வித்தை எப்படித் தெரிந்தது? ராய்ஸ் மறுபடி மேஜையைப் பார்த்தான். அதிகாரி அவனை விட்டுவிட்டு வெல்டாவிடம் திரும்பினார்.

"கோளாறு இருக்குங்கறதை நானே கண்ணால பாத்துட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். பதிவான அந்த ஒரு தடவை தவிர இவர்கிட்ட வண்டியைக் காட்டியிருக்கீங்களா? இருந்தா இப்ப சொல்லுங்க, தீர்ப்பு உங்க பக்கம் வரும். இல்லைன்னா சட்டம் என் கையைக் கட்டிப்போட்டிருக்கு."

வெல்டா இருதலைக் கொள்ளி எறும்பாக உட்கார்ந்திருந்தாள். ஆமாம் என்ற ஒரே சொல். சொன்னால் வண்டி ஒழியும், வேலை பிழைக்கும், அவளும் பிழைப்பாள். ராய்ஸ் அவளைப் பார்க்கவில்லை. பார்த்துக் கெஞ்சியிருந்தால் அவள் சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, வருவது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தான். சற்று முன்பு பின்சீட்டிலிருந்து பாய்ந்தபோது இன்சூரன்ஸையும் முதலாளியையும் அவன் நினைக்கவே இல்லை.

"நான்தான் அவனுக்குச் சொல்லிக்குடுத்தேன், மேடம். ரோட்டுல நின்னு நின்னு நானே கண்டுபிடிச்ச வித்தை" என்றாள் வெல்டா.

"ரிப்பேருக்குக் காட்டினது?"

"ஒரு தடவை."

அதிகாரி பேனாவை மூடினார். முறையான தீர்ப்பு தபாலில் வரும், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். கம்பெனிக்கு இன்னும் வாய்ப்புக் கொடுங்கள், கடைக்குக் கொண்டுபோங்கள், கோளாறு தீராவிட்டால் மறுபடி மனுப் போடுங்கள் என்றார். அவர் குரலில் இரக்கம் இருந்தது. இரக்கத்தை டேங்க்கில் ஊற்றி ஓட்ட முடியாது. அதே வண்டியில் ஏறித்தான் வெல்டா ஊருக்குத் திரும்ப வேண்டும்.

திரும்பினாள். வழியெல்லாம் ராய்ஸ் தன் வண்டியில் அவளுக்குப் பின்னாலேயே வந்தான், நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு, வேறு வண்டி எதையும் இடையில் புகவிடாமல். கண்ணாடியில் அந்த வெளிச்சத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. இவன் இப்படி எத்தனை நாளைக்குப் பின்னால் வர முடியும்? நாளைக் காலை பக்கத்து ஒடெசா ஊருக்கு ஒரு லோடு ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

வீட்டு வாசலில் அவள் இறங்கியதும் அவனும் இறங்கினான். பழக்க தோஷத்தில் குனிந்து வண்டியின் பானட்மேல் கை வைத்தான்.

"கையை எடு, ராய்ஸ்."

எடுத்துக்கொண்டான்.

"நாளைக்கு லோடு இறக்கிட்டு நேரா கடைக்கு வரேன். எல்லாரையும் மாதிரி கவுன்டர்ல நிப்பேன். நீ சீட்டு எழுது. ரெண்டாவது தடவைன்னு எழுது."