செவ்வாய்க்கிழமை உடைந்த மகரக்கட்டு

எனக்கு மகரக்கட்டு உடைந்தது பதினாறாவது வயதில், மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கும் பதினொன்றரைக்கும் நடுவில். ஆண்பிள்ளைகளின் குரல் பதின்மூன்று, பதினான்கு வயதில் கரகரத்து, பிறகு கனத்துவிடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று தெரியாது. எனக்கு மணி பார்த்துக் குறித்துக்கொள்ளும்படி நடந்தது. நானும் குறித்துக்கொண்டேன்.

அதற்கு முந்தைய மூன்று வருடங்களில் மீசை அரும்பியது, உயரம் அப்பாவின் காதை எட்டியது, குரல் மட்டும் ஆறாம் வகுப்பிலேயே நின்றுவிட்டது. கேஸ் சிலிண்டருக்குப் போன் செய்தால் 'சொல்லுங்க மேடம்' என்றார்கள். வகுப்பில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொன்னால் பின்வரிசையில் நாலு பேர் அதையே மெல்லிசாக இழுத்துச் சொல்வார்கள். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நான் கையை மட்டும் தூக்கினேன். ஆசிரியர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

எங்கள் வீடு ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் வழியில். அப்பா கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒப்பந்த பஸ்ஸில் டிரைவர். அம்மாவுக்கு ஒரு உதிரிப்பாகக் கம்பெனியில் லைன் வேலை. அக்கா காஞ்சிபுரத்தில் கல்லூரி விடுதியில் இருந்தாள். வீட்டை ஒட்டி நாலு அறைகள் கட்டி, வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அப்பாவின் பஸ்ஸில் நான் ஏறினால் அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "வண்டில வாயத் தொறக்காத." நான் திறந்ததில்லை.

அம்மா மிளகு, பனங்கற்கண்டு, கற்பூரவல்லி எல்லாம் கொடுத்துப் பார்த்தார். வல்லக்கோட்டை முருகனுக்கு ஏழு கிருத்திகை வருவதாக வேண்டிக்கொண்டார். ஆறு முடிந்திருந்தது. ஏழாவதற்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது அப்பாதான். நெடுஞ்சாலை ஓரத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் தொண்டையைத் திரையில் பார்த்த டாக்டர், திருப்தியாகத் தலையாட்டினார்.

"குரல்நாண் நல்லா இருக்கு. வளர்ச்சியும் வயசுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு. இது பழக்கம். பேச்சுப் பயிற்சி குடுத்தா சரியாயிடும்."

இதில் அப்பாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். பஸ் நிறுத்தம் வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். அங்கே நாலு பேர் நின்றிருக்கும்போது கேட்டார்.

"அப்ப உனக்கு ஒண்ணுமே இல்ல. பழக்கமாம். இத்தினி வருசமா நீயாதான் நடிச்சிகினு இருந்தியா?"

பதில் சொல்வதற்கு என்னிடம் அந்தக் குரல்தான் இருந்தது.

"டிரைவருங்க என்னை இன்னா இன்னா கேக்கறானுங்க தெரியுமா உனக்கு?" என்றார். பிறகு பஸ் வந்துவிட்டது.

பின்னாளில் இதைப் பற்றி நிறையப் படித்தேன். குரல்வளை வளர்ந்த பிறகும் தசைகள் அதை மேலே இழுத்துப் பிடித்துப் பழைய சுருதியிலேயே வைத்திருக்கும். பேசுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு வாரம் முழுக்க, நான் நடித்திருக்கிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அடுத்த செவ்வாய் ஷேர் ஆட்டோவில் தனியாகப் போனேன். பயிற்சி கொடுத்தவருக்கு அக்காவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என்னைப் பேசச் சொல்லாமல் இருமச் சொன்னார். இருமினேன். இருமலை அப்படியே 'ஆ' என்று நீட்டச் சொன்னார். நீட்டும்போது என் தொண்டை மேட்டில் ஒரு விரலை வைத்து லேசாகக் கீழே அழுத்தினார். அறையில் யாரோ ஒரு ஆள் 'ஆ' என்றார். நான் திரும்பிப் பார்த்தேன்.

"யாரும் வரல," என்று சிரித்தார். "நீதான். எங்க, கிழமையெல்லாம் சொல்லு."

ஞாயிறும் திங்களும் அந்த ஆளின் குரலில் வந்தன. செவ்வாயில் நழுவிப் பழைய இடத்துக்கு ஓடியது. மறுபடி இருமி, மறுபடி ஞாயிறிலிருந்து. ஐந்தாவது முறை சனி வரை போனேன். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை.

"குரல் வந்தாச்சு. இனிமே அதைத் தெரிஞ்சவங்க முன்னாடி எடுக்கறதுதான் கஷ்டம்," என்றார். "முதல்ல முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட பேசு. அப்புறம் ஃபிரெண்ட்ஸ். வீட்ல கடைசியா." யாரிடம் எத்தனை நிமிடம் பேசினேன் என்று எழுதிவர ஒரு நோட்டும் போடச் சொன்னார். இந்த வேலையை எனக்கு யாரும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை.

அன்றே ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, ஷிப்ட் முடிந்த கூட்டம் நின்றிருந்த கடையில் "அண்ணா, ஒரு டீ" என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீ வந்தது. சர்க்கரை தூக்கலாக இருந்ததை ஒரு குறையாகச் சொல்வதற்காகவே இன்னும் ஒரு முறை பேசினேன். அப்போதும் யாரும் திரும்பவில்லை.

மூன்று வாரத்தில் வெளியில் எல்லோரிடமும் பேசினேன். வீட்டில் முடியவில்லை. வெட்கம் ஒரு காரணம். பெரிய காரணம் அப்பாவின் கேள்வி. மூன்று வருடக் குரலை ஒரே பயிற்சி வகுப்பில் மாற்றிக்கொண்டு போய் நின்றால், 'பாத்தியா, நடிப்புதான்' என்று ஆகிவிடும். ஆகவே வீட்டுக்குள் நுழையும்போது குரலை மேலே ஏற்றிக்கொண்டேன். அப்பா கேட்டபோது நான் நடிக்கவில்லை. கேட்டபிறகு தினமும் நடித்தேன். இப்போது அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டிருப்பது தொண்டையை வலிக்கவும் செய்தது.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது மூன்றாம் அறைக்குப் புதிதாகக் குடிவந்த சங்கரன்கோவில் பக்கத்து அண்ணன். அவருக்கு இரவு ஷிப்ட். பகலில் தூங்கி எழுந்து வந்து என்னோடு பேசுவார். என் பழைய குரலை அவர் கேட்டதே இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்குப் புதுக் குரல் தெரியாது. இரு தரப்பும் ஒரே இடத்தில் நிற்காதவரை சமாளித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அப்பாவும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த அண்ணன் துண்டோடு வந்து நின்றார்.

"தம்பி, தண்ணி எப்ப வரும்?"

நான் கையால் 'கொஞ்ச நேரம்' என்று காட்டினேன்.

"என்ன தம்பி, நேத்து அவ்வளவு பேசுன, இன்னைக்கு வாயத் தொறக்க மாட்டேங்க?"

"அவன் யாருகிட்டயும் பேச மாட்டாம்பா," என்றார் அப்பா.

"யாரு, இவனா? நல்லா சொன்னிய அண்ணாச்சி. பேச ஆரம்பிச்சாம்னா நம்மள தூங்க விடமாட்டான்லா. ரேடியோக்காரன் கணக்கா கணீர்னு பேசுதான்."

அப்பா பிரஷ்ஷை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை, தொட்டியின் அடியைப் பார்த்தார். "கணீர்னா?" என்றார். பிறகு தேய்க்கத் தொடங்கினார். அன்று முழுவதும் அவர் ஏதாவது கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை.

மறுநாள் திங்கள், காலை பதினொன்று பத்துக்கு அம்மாவின் போன் அடித்தது. அம்மாவின் கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள். பகலில் அது வீட்டில் என்னிடம்தான் இருக்கும். புது எண். புது எண்களெல்லாம் எனக்குப் பயிற்சிக்கு. லோன் வேண்டுமா என்று கேட்பவர்களிடம்கூட நிதானமான ஆண் குரலில் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதே குரலில் ஹலோ என்றேன்.

"நாந்தாங்க பேசறேன்," என்றது மறுமுனை. வேறு யாருடைய போனிலிருந்தோ அப்பா. "பஸ்ஸு மக்கர் பண்ணுது. வர லேட்டாவும்னு வூட்ல சொல்லிடுங்க."

பாதிப் பேச்சில் குரலை மாற்ற வழியில்லை. "சரிங்க, சொல்லிடறேன்," என்றேன்.

"சாப்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"சாப்டுங்க." வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. வாடகைக்கு இருப்பவர்களில் யாரோ எடுத்ததாக நினைத்திருப்பார் என்று முடிவு செய்தேன். மாலையில் அவர் சரியான நேரத்துக்கே வந்தார். செவ்வாயன்று அதே எண்ணிலிருந்து மறுபடி கூப்பிட்டு, கத்தரிக்காய் வாங்குவதா வெண்டைக்காயா என்று கேட்டார். வெண்டைக்காய் என்றேன், கொண்டுவந்தார். புதனன்று, "அங்க மழ வர மாதிரி கீதா?" என்றார். இல்லை, வெயில் கொளுத்துகிறது என்றேன். "இங்கியும் அதாங்க," என்றவர் ஒரகடம் மேம்பாலத்து நெரிசலைப் பற்றிச் சொன்னார். நான் பஸ் ஓட்டுவதைப் பற்றிக் கேட்டேன். நோட்டில் நாலு நிமிடம் என்று எழுதினேன். அப்பாவும் நானும் நேரில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

வெள்ளியன்று கூப்பிட்டவர் காய்கறி, மழை எதையும் கேட்கவில்லை. பின்னால் யாரோ பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கத்துவது கேட்டது.

"எம் பையன் ஒருத்தன் கீறாங்க. அவன ஒரு நாளு ரோட்ல நிக்க வெச்சி ஒரு வார்த்த கேட்டுட்டேன்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேட்டுருக்கக் கூடாது. அவன் நடிக்கிற புள்ள இல்ல. எனக்குதான் புரியல."

"பரவால்லீங்க," என்றேன்.

"ம். வெயில்ல வெளிய போவாதீங்க," என்று வைத்துவிட்டார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் வீட்டு விஷயத்தை இப்படியா கொட்டுவார்? பிறகு மெல்ல, அவர் சொன்னதன் பயன் பிடிபட்டது. அப்பா இனி என்னை நடிகன் என்று சொல்லமாட்டார். அவருக்குத் தெரியாமலே அது எனக்குத் தெரிந்துவிட்டது.

மாலை ஆறே முக்காலுக்கு அப்பா வந்து செருப்பைக் கழற்றும்போது, "அப்பா, மோட்டார் ஓடுது. தொட்டி இன்னும் ரொம்பல," என்றேன். கனத்த குரலில், கொஞ்சம் வேகமாக. அடுப்படியிலிருந்த அம்மா கரண்டியோடு வெளியே வந்து என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முருகா என்று உட்கார்ந்துவிட்டார்.

"ரொம்புனதும் நிறுத்திடு," என்றார் அப்பா. அவ்வளவுதான். குளிக்கப் போனார்.

அவர் ஆச்சரியப்படாதது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. அந்த எண்ணிலிருந்து அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. பஸ் சரியாகிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். பகல் வேளையில் தன் மனைவியின் போனை நாலு நாள் யாரோ ஒரு ஆண் எடுத்துப் பேசியும், நீ யார் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியதெல்லாம் இதுதான்: போனில் பேசியது நான்தான் என்பது தெரிந்தால் அப்பா ரொம்பச் சங்கடப்படுவார், அதனால் அவரிடம் ஒருநாளும் சொல்லிவிடக் கூடாது.