நீங்க மொதல்ல

இலங்கை மலையகத்துப் பசறையில் நாங்கள் மூவரும் சேர்ந்து செய்த மின்னணுத் தராசைச் சோதித்துப் பார்க்க ஒரு சாக்கு பச்சைத் தேயிலைக் கொழுந்து வந்திருந்தது. தராசை வாங்க வந்த தோட்ட அதிகாரி அதைச் சுற்றிவந்தார்.

"பின்பக்கம், கொழுந்து பறிக்கிறவங்க பாக்க இன்னொரு திரை எதுக்கு? நிறுக்கிறவருக்குத் தெரிஞ்சா போதும். அதக் கழட்டிட்டா வாங்கிக்கிறோம். இங்க யாரு பொறுப்பு?"

பெயருக்கு நான்தான். ஆனால் ஈரச் சாக்கின் வாடை என் மூக்கில் ஏறியிருந்தது. சிறுமியாக அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற, கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் வாடை அது. அங்கே தராசின் முகம் எப்போதும் கணக்கப்பிள்ளை பக்கம்தான் இருக்கும். அவர் வாயில் வருவதுதான் எடை.

ஒரு நாள் தன் முறை வந்ததும் அம்மா பின்னால் திரும்பி, "நீங்க மொதல்ல நிறுங்கக்கா" என்றாள். அந்த அக்கா அடுத்தவளிடம், "நீங்க மொதல்ல" என்றாள். அந்த மரியாதை வரிசையின் கடைசிவரை போனது. கூடைகள் எல்லாம் தரையில் இறங்கின.

"யாருடி இதுக்குத் தலைவி?" என்று கணக்கப்பிள்ளை கத்தினார்.

"யாருமில்லீங்க. தராசத் திருப்புங்க, நிறுக்கிறோம்" என்றாள் அம்மா.

கூடைக்குள் கொழுந்து சூடேறிக் கெடத் தொடங்கிய பிறகுதான் தராசு திரும்பியது.

நான் ஸ்குருடிரைவரை எடுத்து, திரைக்கு வயரிங் செய்த ராணியிடம் நீட்டினேன். "நீ மொதல்ல."

அவள் சிரிக்கவில்லை. தராசின் பெட்டியைச் செய்த செல்வத்திடம் அதைக் கொடுத்தாள். "நீங்க மொதல்லண்ணே."

செல்வமும் எங்களைப் போலத் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவன்தான். அவன் அதை அதிகாரியிடம் நீட்டினான்.

"நீங்க மொதல்ல, சார்."