விபூதிப் புதன்கிழமைச் சாப்பாடு

திண்டிவனத்தில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் சவுரியம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. தினமும் ரயிலேறி விழுப்புரம் போய் முப்பது வருஷம் நர்சாக வேலை பார்த்தவள். ரிட்டயரான மறு மாதமே பங்குக் கோயிலில் அவளைத் தெருக் குடும்பங்கள் கூடும் அன்பியத்துக்குத் தலைவி ஆக்கிவிட்டார்கள். தெருவுக்கு ஜெபக் கூட்டம் வைப்பது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பிறரை நேசிக்கும்படி ஆண்டவர் சொல்லியிருக்கிறார், சொன்னால் செய்ய வேண்டியதுதானே என்பாள். டாக்டர் ஊசி போடச் சொன்னால் போடுகிற மாதிரிதான் அதுவும்.

ஆனால் ஒரு வீம்பு உண்டு. போகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டாள். குடித்தால் செய்த புண்ணியம் டம்ளரோடு போய்விடும் என்று எந்தச் சாமியார் சொல்லிக்கொடுத்தாரோ தெரியாது.

புதன்தோறும் பாஞ்சாலி வீடு. பாஞ்சாலி இந்து. பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை என்று வேர்க்கடலை அவித்து விற்றவள், இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதமாக வீட்டோடு கிடந்தாள். சவுரியம்மாள் பிரஷர் பார்ப்பாள், கையைப் பிடித்து நடக்க வைப்பாள், கிளம்பிவிடுவாள். "காப்பி போடட்டுங்களா?" என்று ஒவ்வொரு வாரமும் பாஞ்சாலி கேட்பாள். "இப்பத்தாங்க்கா குடிச்சேன்" என்பாள் இவள். சுத்தப் பொய். சவுரியம்மாளுக்குப் புருஷன் போய் ஒன்பது வருஷம், மகள் பெங்களூரில். ஒண்டி ஆளுக்கு எதற்கு அடுப்பு என்று ஒருநாள் வைத்த குழம்பை மூன்று நாள் சாப்பிடுகிறவள் அவள்.

போன வாரம் பாஞ்சாலி பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "நெஜத்த சொல்லுங்க நர்சம்மா. எங்க வூட்ல கை நனைக்க உங்களுக்கு ஆவாதா?"

சவுரியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, இன்னாக்கா பேச்சு இது! வர்ற புதங்கெழம மத்தியானம் எனக்கு இங்கதான் சாப்பாடு."

காலண்டரைப் பார்க்காமல் வாக்குக் கொடுத்துவிட்டாள். வர்ற புதன் விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். அன்று கறி ஆகாது. அறுபது தாண்டியவர்களுக்கு ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி கட்டாயமில்லை என்று பங்குச் சாமியாரே சொல்லியும் அதையும் விடாதவள், சிறுமியாக முதல் நன்மை வாங்கிய வயதிலிருந்து அன்று கறி தொட்டதில்லை. பாஞ்சாலி காய்கறிதானே வைக்கப்போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

காலைப் பூசை முடிந்து, மத்தியானம் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு போய் நின்றாள்.

"இன்னா நர்சம்மா, நீங்களும் துன்னூறு பூசிக்கினு வந்துட்டீங்க!" என்று பாஞ்சாலி சிரித்தாள். உள்ளே கோழிக்குழம்பு மணத்தது. வீட்டிலிருந்த ஒரே கோழி.

சொல்லியிருக்கலாம். விரதம் என்றால் என்னவென்று பாஞ்சாலிக்குத் தெரியாதா? சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் தயக்கத்தைப் பார்த்தே பாஞ்சாலியின் முகம் சுண்டிவிட்டது. ஆறு மாதம் சாக்கு கேட்டவள், இதையும் ஒரு சாக்கு என்றுதான் எடுத்துக்கொள்வாள்.

சவுரியம்மாள் கையைக் கழுவினாள். 'ஆண்டவரே, நீர் பார்த்துக்கும்' என்று சிலுவை போட்டு உட்கார்ந்தாள்.

பாஞ்சாலி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பரிமாறினாள். "குந்துங்கக்கா, இடுப்பு நோவும்" என்றதற்கு, "நீங்க சாப்டுங்க. போன மாசத்துக்கு எவ்ளோ எளச்சிட்டீங்க, பாத்துக்கினுதான இருக்கறேன்" என்றாள்.

ஊரார் எடையெல்லாம் பார்த்தவள் சவுரியம்மாள். அவள் இளைத்ததை இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. கண்ணில் நீர் முட்டியது.

"காரமா?"

"இல்லக்கா. எனக்குன்னு ஒருத்தர் நின்னு சோறு போட்டு ஒம்போது வருசமாச்சி."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு?" என்று அதட்டிவிட்டு, பாஞ்சாலி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். சவுரியம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை.